மண்பானையில் தைப்பொங்கல்: முன்னேற்பாடு முதல் கனுப்பிடி வரை முழுமையான வழிகாட்டி

வாசலில் விறகடுப்பு மூட்டி, புதுப்பானையில் முதன்முறையாகப் பொங்கலிடுகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. குக்கரில் சர்க்கரைப் பொங்கல் நன்றாகச் செய்பவர்கள்கூட வாசலில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பொங்க வைப்பதும் வேக வைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருப்பதில்லை. பொங்குவதற்குப் பானை கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும், தீ எழும்ப வேண்டும். வேகுவதற்குப் பானையில் இடம் வேண்டும், தீ அடங்க வேண்டும். கீழே சொல்லப்படும் வரிசையின் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்துவதற்கான ஏற்பாடே.

அளவுகள் அனைத்தும் அரை கிலோ பச்சரிசிக்கும், சுமார் ஐந்து லிட்டர் கொள்ளும் பானைக்கும் சொல்லப்படுகின்றன. பத்துப் பேருக்கு இது தாராளமாகப் போதும்.

1. நாளையும் நேரத்தையும் உறுதி செய்தல்

சூரியன் மகர ராசிக்குள் நுழைவது சூரிய மறைவுக்கு முன்னர் என்றால் அன்றே தை முதல் நாள்; மறைவுக்குப் பின்னர் என்றால் மறுநாள். இதனால்தான் பொங்கல் சில ஆண்டுகளில் ஜனவரி 14 அன்றும் சில ஆண்டுகளில் 15 அன்றும் வருகிறது. 2024இல் 15ஆம் தேதி, 2025இல் 14ஆம் தேதி. உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்களோ அதையே பாருங்கள்.

அடுத்ததாக இராகுகாலத்தையும் எமகண்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை இராகுகாலம். புதன்கிழமை அதே நேரம் எமகண்டம். வியாழக்கிழமை 6 முதல் 7.30 வரை எமகண்டம். இந்த மூன்று கிழமைகளில் பொங்கல் வந்தால் காலை நேரம் சுருங்கிவிடும். 2024ஆம் ஆண்டுப் பொங்கல் திங்கட்கிழமையில் வந்ததால், ஏழரைக்கு முன் பொங்கிவிட வேண்டும் என்று பலரும் இருட்டிலேயே அடுப்பு மூட்டினார்கள்.

நல்ல நேரம் என்பது பானையை அடுப்பில் ஏற்றும் நேரமா, பால் பொங்கும் நேரமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பு எரியத் தொடங்கிய பிறகு கேட்டால் மூன்று பேரிடமிருந்து மூன்று பதில்கள் வரும். நான்கரை லிட்டர் நீர் மண்பானையில் விறகுத் தீயில் பொங்குவதற்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரமும், அதன்பின் பொங்கல் வெந்து இறங்குவதற்கு ஒரு மணி நேரமும் ஆகும் என்று வைத்து, பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

வீட்டில் அந்த ஆண்டு துக்கம் நிகழ்ந்திருந்தால் பொங்கலிடாமல் இருப்பதே பரவலான வழக்கம். பங்காளி வீடுகளுக்கும் அது பொருந்துமா என்பதை உறவினரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பானை வாங்குங்கள்.

2. பானை வாங்குதலும் பழக்குதலும்

பண்டிகைக்கு நான்கைந்து நாட்களுக்கு முன்பே பானையை வாங்கிவிட வேண்டும். முந்தைய நாள் மாலையில் வாங்கி மறுநாள் காலை அடுப்பில் ஏற்றிய பானை நடுவில் விரிசல் விட்டு, பாலும் நீரும் தீயில் ஒழுகுவதுதான் நான் அதிகம் பார்த்த விபத்து.

வாங்கும்போது பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரல் கணுவால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். எங்கு தட்டினாலும் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. வாய் அகலமாகவும் கழுத்து குட்டையாகவும் உள்ள பானை துழாவுவதற்கு வசதியானது. வண்ணம் பூசி, பூ வரைந்து விற்கும் பானைகள் பெரும்பாலும் அலங்காரத்துக்கானவை. தீயில் அந்தச் சாயம் கருகி நாறும். சாயமில்லாத பானையை வாங்கி, சுண்ணாம்பும் காவியும் கொண்டு நீங்களே கோடிடுவது மேல்.

வீட்டுக்கு வந்ததும் பானையை ஒரு வாளி நீரில் முழுவதும் மூழ்கும்படி ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவையுங்கள். மண்ணின் நுண்துளைகளிலிருந்து காற்றுக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். அவை நின்ற பிறகே பானை நீர் குடித்து முடித்தது என்று பொருள். பின் வெளியே எடுத்து, நீர் நிரப்பி, காய்ந்த செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். புதுப்பானை சற்றே வியர்ப்பது இயல்பு. ஆனால் ஓரிடத்தில் மட்டும் துளி திரண்டு, கோடாக இறங்கித் தாளில் வட்டமாக ஊறினால் அந்தப் பானை அடுப்புக்கு ஆகாது.

அடுத்த நாள் அரிசி களைந்த கழுநீரை முக்கால் பானை ஊற்றி, மிகச் சிறிய தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிட வேண்டும். கழுநீரில் உள்ள மாவுச்சத்து நுண்துளைகளில் இறங்கி அவற்றை அடைக்கிறது. மண் வாடையும் போய்விடும். இதையே பானை பழக்குதல் என்கிறோம். சோப்பு போட்டுக் கழுவிவிடாதீர்கள், மண் அதை உறிஞ்சிவைத்துக்கொண்டு பொங்கலில் திருப்பித் தரும்.

வெண்கலப் பானை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. வெளிப்புறம் முழுவதும் குழைத்த களிமண்ணையோ சாம்பலையோ பூசிவிட்டால் கரி ஒட்டாது, பின்னர் துலக்குவது எளிது. பித்தளையாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அடுப்பு, விறகு, இடம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் களிமண்ணால் செய்து வெள்ளையும் காவியும் பூசிய மூன்று பொங்கல் கட்டிகளை முக்கோணமாக வைப்பார்கள். மற்ற ஊர்களில் செங்கல் போதும். எதுவானாலும் முழுவதும் காய்ந்ததாக இருக்க வேண்டும், ஏனெனில் ஈரமான செங்கல் வெப்பத்தில் வெடித்துத் தெறிக்கக்கூடும்.

சமைப்பவர் கிழக்கு நோக்கி உட்காரும்படி, விறகு நுழைக்கும் வாயை அவர் பக்கமாக, அதாவது மேற்கில் அமையுங்கள். பானையை வைத்துப் பார்த்து, கிழக்குப் பக்கம் ஒரு நூல் அளவு தாழ்ந்திருக்கும்படி கல்லைச் சரிசெய்யுங்கள். பால் கிழக்கேயோ வடக்கேயோ பொங்கி வழிவது நல்லது என்பது நம்பிக்கை. அத்துடன் வழியும் நீர் அடுப்பு வாயில் விழுந்து தீயை அணைக்காது என்பது அடுப்படியின் நியாயம். எந்தப் பக்கம் பொங்கியது என்று பின்னால் கவலைப்படும் வீடுகளில் பெரும்பாலும் அடுப்பு ஒழுங்காகச் சமன் பார்க்கப்பட்டிருக்காது.

சிமெண்டுத் தரையிலோ, கிரானைட், ஓடு பதித்த தரையிலோ நேரடியாக அடுப்பு மூட்டக் கூடாது. சூட்டில் அது வெடித்துப் பெயரும். மூன்று விரல் உயரத்துக்கு மணல் பரப்பி அதன்மேல் கல் வையுங்கள். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் பொங்கலிட்டாலும் இதே ஏற்பாடு வேண்டும்.

விறகை ஒரு வாரம் முன்பே வாங்கி வெயிலில் போட்டு, இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். மார்கழிப் பனி ஒரே இரவில் விறகை நமுத்துப் போகச் செய்துவிடும். சவுக்கு நின்று எரியும். தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் சட்டென்று கொழுந்துவிடும். பனையோலை அதைவிட வேகமாக எரிந்து அடங்கும். தெற்கே பனையோலை கொண்டே பொங்கலை முடிப்பவர்கள் உண்டு, ஆனால் அதற்கு ஓலையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் பழகிய கை ஒன்று வேண்டும். புதியவர்கள் சவுக்கை முதன்மையாகவும், கொட்டாங்குச்சியைத் தீ எழுப்புவதற்காகவும் வைத்துக்கொள்வது நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்க வேண்டாம். பாலில் அந்த வாடை ஏறிவிடும். கற்பூரமும் தேங்காய் நாரும் போதும்.

4. போகி நாள்

மார்கழியின் கடைசி நாளில் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டுப் பழைய பாய், துடைப்பம் போன்றவற்றை விடியலில் எரிப்பது வழக்கம். நெகிழியையும் டயரையும் சேர்க்காதீர்கள். பனிமூட்டத்தோடு அந்தப் புகை தெருவிலேயே தங்கிவிடும்.

கொங்குப் பகுதியிலும் வட மாவட்டங்கள் பலவற்றிலும் அன்று காப்புக் கட்டுவார்கள். சிறுபீளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை ஆகியவற்றைச் சேர்த்துச் சிறு கொத்துகளாகக் கட்டி, வீட்டு நிலையிலும் கூரை இறவாணத்திலும் தொழுவத்திலும் வயல் மூலையிலும் செருகுவார்கள். வீட்டைத் துப்புரவு செய்து முடித்த பிறகே காப்புக் கட்ட வேண்டும் என்பதால் இதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவே வெல்லத்தை உடைத்து வையுங்கள், ஏலக்காயைப் பொடித்து வையுங்கள், அரிசியில் கல் பொறுக்குங்கள், நெய்யை உருக்கி வையுங்கள். காலையில் இவற்றில் ஒன்றுக்காக யாராவது எழுந்து உள்ளே போனால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் பால் பொங்கும்.

5. தேவையான பொருட்கள்

பச்சரிசி அரை கிலோ, பாசிப்பருப்பு 100 கிராம், வெல்லம் 750 கிராம், பால் அரை லிட்டர், நெய் 150 கிராம், முந்திரியும் உலர்திராட்சையும் தலா 50 கிராம், ஏலக்காய் எட்டு. பச்சைக் கற்பூரம் சேர்ப்பதானால் கடுகளவு. அதற்கு மேல் போனால் கசக்கும்.

அரிசி புதிதா பழையதா என்பதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பருவத்தில் அறுத்த புத்தரிசி குறைந்த நீரிலேயே குழைந்துவிடும்; ஓராண்டு இருந்த அரிசி அதிக நீர் கேட்கும். புத்தரிசி இடுவதே பண்டிகையின் நோக்கம் என்றாலும், கிடைக்காதவர்கள் பழைய அரிசியில் ஒரு கைப்பிடி புத்தரிசி கலந்துகொள்ளலாம்.

பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தைத் தவிர்க்கவும்; அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்னும் ரசாயனத்தைப் போட்டு வெளுக்க வைத்ததால் வருவது. பழுப்பு நிறத்தில், நகத்தால் கீறினால் சற்றே இளகும் வெல்லமே பொங்கலுக்கு நல்லது.

படையலுக்குத் தலைவாழை இலை, தோகையோடு இரண்டு கரும்பு, இலையோடு மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும், தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, ஒரு படி நெல் ஆகியவை வேண்டும். பூசணி, அவரை, மொச்சை, வள்ளிக்கிழங்கு போன்ற நாட்டுக்காய்களும் கிழங்குகளும் வைப்பார்கள். தென் மாவட்டங்களில் பனங்கிழங்கு இல்லாமல் படையல் நிறையாது. மஞ்சள் கொத்தைச் சந்தையில் தேர்ந்தெடுக்கும்போது இலை நீளமானதாகப் பாருங்கள். பானைக் கழுத்தைச் சுற்றிக் கட்டுவதற்கும், மறுநாள் பெண்கள் வைக்கும் கனுப்பிடிக்கும் அந்த இலைதான் வேண்டும்.

6. விடியலில் வாசல் தயாரித்தல்

வாசலைச் சாணம் தெளித்து மெழுகியதும், முதலில் அடுப்புக்கான இடத்தைக் குறித்துவிட்டு அதன்பின் கோலத்தைத் தொடங்குங்கள். பெரிய தேர்க்கோலத்தை வாசல் முழுக்கப் போட்டுவிட்டு, அதன்மேலேயே மணலும் செங்கல்லும் சுமந்து நடப்பவர்களைப் பல தெருக்களில் காணலாம். அடுப்பை நடுவில் விட்டு அதைச் சுற்றிக் கோலம் அமைத்தால் நடமாட இரண்டு முழம் காலியிடமும் விடலாம். ஈர மாக்கோலம் பனியில் மெதுவாகக் காயும் என்பதால் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போட்டு முடித்துவிட்டுக் காவி இடுங்கள்.

அடுப்புக்குக் கிழக்கே சூரியனைப் பார்த்தவாறு இலை விரித்து, மஞ்சளிலோ சாணத்திலோ பிடித்த பிள்ளையாருக்கு அறுகம்புல் செருகி வையுங்கள். கரும்புகளை அடுப்புக்கு நேர் மேலே சாய்க்காதீர்கள். காய்ந்த தோகையில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். குத்துவிளக்கைக் காற்றுக்கு மறைவாக வையுங்கள்.

7. உலை வைத்தல்

அரிசியை முதலில் ஒருமுறை கழுவி அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது கழுநீரைச் சேர்த்துவையுங்கள், அதுவே உலைநீர். அரிசியை வடித்துத் தனியே மூடி வையுங்கள், உலை பொங்கும் நேரத்துக்குள் அது அளவாக ஊறியிருக்கும்.

பானைக்குத் திருநீறோ நாமமோ இட்டு, குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டுங்கள். முடிச்சு அடுப்பு வாய்க்கு எதிர்ப்பக்கம் வரட்டும். தீக்கொழுந்து ஏறும் பக்கத்தில் இருந்தால் நூல் கருகிக் கொத்து விழுந்துவிடும்.

பிள்ளையாரை வணங்கி, பானையை இரு கைகளாலும் ஏந்திச் சூரியன் வரும் திசைக்குக் காட்டி அடுப்பில் வையுங்கள். வைத்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். நிறைந்த மண்பானையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்தோடு கையில் வந்துவிடும் அபாயம் உண்டு. கழுநீரும் பாலுமாகக் கழுத்துவரை, ஏறத்தாழ நான்கரை லிட்டர் நிரப்புங்கள்.

பின்னர் கற்பூரம் ஏற்றி அடுப்பில் இடுங்கள். முதல் பத்து நிமிடம் தீ சிறியதாகவே இருக்கட்டும், அடியும் பக்கமும் சேர்ந்து சூடேற வேண்டும். எடுத்தவுடன் கொழுந்துவிட வைத்தால் அடி மட்டும் விரிந்து பானை கீறிக்கொள்ளும். இந்த நேரத்தில் இன்னொரு பாத்திரத்தில் இரண்டு லிட்டர் வெந்நீர் தயாராக இருக்கட்டும். சூடான மண்பானையில் பச்சைத் தண்ணீரை எந்த நிலையிலும் ஊற்றக் கூடாது.

8. பொங்குதல்

நீரின் மேல் மெல்லிய ஆடை படர்ந்து, ஓரங்களில் சிறு குமிழ்கள் கட்டத் தொடங்கியதும் எல்லோரையும் வாசலுக்கு அழையுங்கள். அதன்பின் கொட்டாங்குச்சிகளைத் தள்ளித் தீயை எழுப்புங்கள். பாலின் புரதமும் கழுநீரின் மாவுச்சத்தும் ஆவிக் குமிழ்களை உடையவிடாமல் பிடித்து வைப்பதால்தான் நுரை எழும்புகிறது; வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிர இப்படிப் பொங்காது. பாலைக் குறைத்துவிட்டு, ஏன் பொங்கவில்லை என்று பானையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு விடை இதுவே.

கரண்டியை உள்ளே விடாதீர்கள், ஊதாதீர்கள், மூடாதீர்கள். நுரை குவிந்து எழுந்து, விளிம்பைத் தாண்டி, கட்டியின் மேல் சீறியபடி இறங்கும்போது “பொங்கலோ பொங்கல்” என்று கூவ வேண்டும். பெண்கள் குலவையிடுவதும், பிள்ளைகள் தட்டைத் தட்டுவதும், சில வீடுகளில் சங்கு ஊதுவதும் உண்டு. ஒரே ஒருமுறை லேசாக வழிந்ததும் தீயைத் தணித்துவிடாமல், நன்றாக வழியும் வரை பொறுங்கள்.

அதன்பின் இரண்டு பெரிய கட்டைகளை வெளியே இழுத்துத் தீயைப் பாதியாக்கி, பானையிலிருந்து சுமார் இரண்டு லிட்டர் நீரை முகந்து தனியே வையுங்கள். புதியவர்கள் தவறவிடும் படி இதுதான். நிறைந்த பானையில் அப்படியே அரிசியை இட்டால் கூடவே பாதி அரிசி வழிந்து தீயில் போகும். முகந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம், பொங்கல் இறுகும்போது அதுதான் திரும்ப உள்ளே போகிறது.

9. அரிசியும் பருப்பும் வெல்லமும்

வீட்டுத் தலைவர் ஒரு கைப்பிடி அரிசியைப் பானையை மூன்றுமுறை சுற்றி இடுவார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு பிடி இடலாம். இலேசாக வறுத்த பாசிப்பருப்பை அரிசியோடு சேர்த்துவிடுங்கள். மரக்கரண்டியாலோ சிரட்டை அகப்பையாலோ அடிவரை துழாவுங்கள். இரும்புக் கரண்டியின் முனை புதுப்பானையின் அடியைச் சுரண்டி, பொங்கலில் மண் நறநறக்கச் செய்யும்.

தீ மிதமாக இருக்கட்டும். மண்பானை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் கட்டையை இழுத்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கும். கேஸ் அடுப்பில் பழகியவர்கள் இதை எதிர்பாராமல் அடிப்பிடிக்க விடுகிறார்கள். இறுகும்போதெல்லாம் முகந்து வைத்த நீரைச் சூடாகவே ஓர் அகப்பை விடுங்கள், போதாவிட்டால் வெந்நீர் இருக்கிறது.

படையலுக்கு முன் சுவை பார்க்கக் கூடாது என்பதால், ஒரு பருக்கையை அகப்பையின் முதுகில் வைத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் வெண்ணெயாக மசிந்தால் வெந்துவிட்டது. இதற்கு முன் வெல்லத்தைச் சேர்த்தால் அரிசி அதோடு நின்றுவிடும். சர்க்கரை நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் எவ்வளவு எரித்தாலும் பிறகு அரிசி மென்மையாகாது.

வெல்லத்தை ஒரு குவளை நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தீயை நன்றாகத் தணித்த பிறகே ஊற்றுங்கள். பொங்கல் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிட வாய்ப்பு உண்டு. முதலில் நீர்த்தது போல் தோன்றும். பயந்து தீயைக் கூட்ட வேண்டாம், பத்து நிமிடத்தில் கூடி வரும். கரண்டியிலிருந்து மெதுவாக நழுவி விழும் பதத்திலேயே நிறுத்துங்கள், ஆற ஆற இறுகும். முந்திரி, திராட்சையை நெய்யில் வறுத்து ஏலப்பொடியோடு கடைசியாகச் சேருங்கள்.

தென் மாவட்டங்களில் பல வீடுகளில் இரண்டு பானை வைத்து, ஒன்றில் வெல்லமில்லாத பால்பொங்கலும் மற்றொன்றில் சர்க்கரைப் பொங்கலும் இடுவார்கள். அப்படியானால் பால்பொங்கல் பானையை முதலில் ஏற்றி, அது பொங்கிய பிறகு இரண்டாவதை ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவரே பார்ப்பது இயலாத காரியம்.

பானையை இறக்க இரண்டு பேர் வேண்டும். காய்ந்த துணியால் அடியைத் தாங்கி, வைக்கோல் பிரிமணையின் மேல் வையுங்கள். கழுவிய ஈரத் தரையில் வைத்தால் அத்தனை உழைப்புக்குப் பிறகும் பானை அடி விடும்.

10. படையல்

சூரியன் நன்றாக எழுந்த பின்னரே படைக்க வேண்டும். இலையில் பொங்கலை வைத்து நடுவில் குழித்து நெய் விடுங்கள். பக்கத்தில் பழமும் கரும்புத் துண்டும் காய்க்குழம்பும் வையுங்கள். தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டி, இலையைச் சுற்றி நீர் விளாவி, சூரியனுக்குக் கற்பூரம் காட்டிக் குடும்பத்தோடு விழுந்து வணங்குங்கள். மந்திரம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் இந்த வழிபாடு புரோகிதர் இல்லாமலேயே நடக்கிறது.

பின்னர் முதல் பிடி காக்கைக்கு, அடுத்தது மாட்டுக்கு, அதன்பின் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, கடைசியாக வீட்டாருக்கு. அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரங்களைப் பானை இறக்கும் முன்பே எடுத்து வைத்துவிட்டால் பொங்கல் சூடாகவே போய்ச் சேரும்.

11. மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டியவை

கனுப்பிடி வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அன்று மீந்த சோற்றிலும் சர்க்கரைப் பொங்கலிலும் கொஞ்சம் தனியே எடுத்து மூடி வையுங்கள். மறுநாள் காலை பெண்கள் நீராடும் முன், முற்றத்திலோ மொட்டை மாடியிலோ மஞ்சள் இலை விரித்து, வெள்ளைச் சோறு, மஞ்சள் கலந்த சோறு, குங்குமம் கலந்த சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று சிறு பிடிகளாக வைத்து, உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்க வேண்டிக்கொள்வார்கள். சர்க்கரைப் பொங்கல் முழுவதையும் அன்றே பகிர்ந்துவிட்டுக் காலையில் தேடுவது வழக்கமான அவதி.

பானையில் கட்டிய மஞ்சளை அவிழ்த்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். கனு அன்று மூத்த சுமங்கலிகள் அந்த மஞ்சளைக் கீறி இளையவர்களின் நெற்றியில் இட்டு வாழ்த்துவார்கள். அதற்கு அது காயாமல் இருக்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்கள் மாட்டுப் பொங்கலுக்கு வேறு பானை வைப்பதே நல்லது, ஏனெனில் அந்தப் பொங்கல் தொழுவத்தில், பெரும்பாலும் மாலையில் இடப்படுகிறது. கொம்புக்கு வண்ணம் அடிப்பதானால் மாட்டைக் குளிப்பாட்டி, ஈரம் காய்ந்த பிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் வழிந்துவிடும். மூக்கணாங்கயிற்றையும் கழுத்துக் கயிற்றையும் காலையிலேயே மாற்றிவிடுங்கள். மாலையில் கூட்டமும் கூச்சலும் கூடியபின் மாடு மிரளும்.

பயன்படுத்திய மண்பானையை வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு நாள் நிழலிலும் அதன்பின் வெயிலிலும் உலர்த்துங்கள். ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நன்கு உலர்ந்த பானையில் ஆண்டு முழுவதும் சோறு வடிக்கலாம். அடுத்த தைக்குப் புதுப்பானைதான் வாங்க வேண்டும்.